மூன்றாம் அறைக்குச் சூடு போன வழி

நான் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தபோது நடந்தது இது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி, மனைவி தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். பதனிட்ட தோல்களைக் காயவைத்து, மடித்தால் வெடிக்காத பதத்தில் இறக்கித் தருவது என் பொறுப்பு. வெயில் காலத்தில் அது ஒரு வேலையே இல்லை. கொட்டகையில் காற்றாடத் தொங்கவிட்டால் போதும். ஐப்பசி பிறந்தால்தான் தொல்லை. மழை விடாமல் பிடித்துக்கொண்டால் தோல் நாள்கணக்கில் சொதசொதவென்று தொங்கும். ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும்.

இதற்கு எங்கள் முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். ஊட்டியில் ஒரு துரையின் பங்களாவை இடித்தபோது, குளிருக்காக அங்கே அறைதோறும் வைத்திருந்த ரேடியேட்டர்களை மலிவாக வாங்கி ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டார். பெரிய இரும்புச் சீப்புகளை நிற்க வைத்தது போல இருக்கும். உள்ளே ஆவி ஏறினால் இரும்பு சூடாகும், அறையும் சூடாகும். பதனிடும் மரப்பட்டையைப் போட்டுவைத்திருந்த பழைய கிடங்கின் மூன்று அறைகளிலும் அறைக்கு ஒன்றாக அவற்றை நிறுத்தி, முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பாய்லரிலிருந்து ஒரே குழாயை இழுத்தார்கள். ஆவி போவதும் அதில்தான், அது குளிர்ந்து தண்ணீராகித் திரும்புவதும் அதில்தான்.

பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் வாணியம்பாடிக்காரர், உருது பேசுகிறவர். எல்லோருக்கும் அவர் பாய்தான். அதிகம் பேச மாட்டார். தன் நெருப்பைப் பற்றி யாராவது குறை சொன்னால் மட்டும் முகம் மாறிவிடும்.

குறை சொல்லும்படிதான் நடந்தது. பாய்லருக்குப் பக்கத்திலிருந்த முதல் அறையில் நுழைந்தால் மூச்சு முட்டும். அங்கே தொங்கிய தோல் அப்பளம் போல விறைத்தது. நடு அறை சுமார். மூன்றாம் அறையில் ரேடியேட்டரைத் தொட்டால் கிணற்றுத் தொட்டியைத் தொட்டது போலச் சில்லென்று இருக்கும். போதாததற்கு, யாரோ உள்ளேயிருந்து சுத்தியால் அடிப்பது போலக் குழாய் அவ்வப்போது இடித்தது. அங்கே தோல் தொங்கவிடுகிற அக்கா, முனி இருக்கிறது என்று சொல்லி ரேடியேட்டரில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டிவிட்டாள்.

நான் பாயிடம் போய் இன்னும் எரிக்கச் சொன்னேன். எரித்தார். முதல் அறை இன்னும் கொதித்தது, மூன்றாம் அறை அப்படியே இருந்தது. மறுபடியும் போய்ச் சொன்னேன். அவர், தோல் காயப்போடத் தெரியாதவனுக்கு நெருப்பு என்ன செய்யும் என்றார். நானும் பதிலுக்கு ஏதோ சொன்னேன். அதன்பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வேண்டியதை இன்னொரு ஆளிடம் சொல்லியனுப்பினேன். பதிலும் அவன் மூலமாகவே வந்தது.

விஷயம் முதலாளி காதுக்குப் போயிற்று. அவர் குடையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தின் நடுவில் நின்று எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நான் சூடு கம்மி என்றேன். பாய், விறகு ஜாஸ்தியாகத்தான் போகிறது என்றார். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு ஒரு நாள் நீ பாய்லராண்ட நில்லு. அவர் உன் ரூம்ல நிக்கட்டும். அப்பறமா வந்து ரெண்டு பேரும் எங்கிட்ட பேசுங்க."

எங்கள் இருவருக்குமே அது பிடிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை இடம் மாறினோம். தண்ணீர் மட்டத்தையும் ஆவியின் அழுத்தத்தையும் பாயின் கையாள் பார்த்துக்கொண்டான். நான் செய்ததெல்லாம் விறகும், சாறு இறங்கிய பட்டைச் சக்கையும் அள்ளிப் போட்டதுதான். கொஞ்ச நேரத்திலேயே கை காந்தியது, கண் எரிந்தது. இவ்வளவு நெருப்பும் எங்கே போகிறது என்று எனக்கே புரியவில்லை. சாரல் வலுத்தபோது வெளியே எட்டிப் பார்த்தேன். முற்றத்தைக் கடந்து போகிற குழாய் வெறுமனே மழையில் நனைந்துகொண்டிருந்தது. அதன் மேல் விழுந்த தண்ணீர் சுர்ரென்று புகையாகக் கிளம்பியது. பாயின் உழைப்பில் பாதியை வானம் வாங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் பாய் நாள் முழுக்க மூன்றாம் அறையில், குளிருக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு இடி விழும்போதும் எழுந்து போய்க் குழாயில் காது வைத்துக் கேட்டிருக்கிறார். சாயங்காலம் நான் போனபோது அவரே வாயைத் திறந்தார்.

"மேஸ்திரி, இங்க வா. கதவுக்கு மேல பாரு. பைப்பு தொங்கிக்கினு கீது. தண்ணி திரும்ப முடியாம அங்கயே நிக்குது. ஆவி வந்து அதை முட்டுது, அதான் சத்தம்."

"அப்போ ரேடியேட்டர் ஏன் சூடாவல?"

"உள்ள காத்து அடைஞ்சிக்கினு கீது. காத்து வெளிய போனாத்தானே ஆவி உள்ள வரும்? காலி சீசாவ தண்ணியில கவுத்து அமுக்கிப் பாரு, தெரியும்."

நான் மழையில் நனையும் குழாயைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். தினமும் அந்தக் குழாயைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போவாராம்.

மறுநாள் பாய்லரை ஆறவிட்டுச் சேர்ந்தே வேலை பார்த்தோம். தொங்கிய குழாயைத் தூக்கி, தண்ணீர் பாய்லர் பக்கம் வழிந்து திரும்பும்படி அடியில் கட்டை கொடுத்தோம். முற்றத்துக் குழாய்க்குக் களிமண் பூசி, கோணியைச் சுற்றி, மேலே தகரம் போட்டோம். ஒவ்வொரு ரேடியேட்டரிலும் காற்று வெளியேற ஒரு சின்னத் திருகு வைக்க வேண்டியிருந்தது. அதற்கு வேலூரிலிருந்து குழாய் பொருத்துகிற ஒரு பிட்டர் வந்தார்.

முதல் முறை ஆவி விட்டபோது ஆசையில் மூன்று திருகையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டோம். முதல் அறைத் திருகு அழுக்குத் தண்ணீரைப் பீய்ச்சி, பக்கத்திலிருந்த தோல்களையும் என் வேட்டியையும் நனைத்தது. சூடு பழையபடி அங்கேயே நின்றுவிட்டது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகுதான் நிதானம் வந்தது. தூரத்து அறையின் திருகை நன்றாகத் திறந்து முதலில் காற்றை வெளியேற்றினோம். பக்கத்து அறையில் கொஞ்சமாகத் திறந்து மெல்ல விட்டோம். பாயும் அழுத்தத்தைக் குறைத்து நெருப்பைச் சீராக வைத்தார். மூன்றாம் அறையின் திருகில் முதலில் நாற்றக் காற்று சீறியது. பிறகு வெள்ளையாக ஆவி எட்டிப் பார்த்தது. பாய் அதை மூடிவிட்டு ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்தார். என் கையையும் பிடித்து இழுத்து வைத்தார். குளித்துவிட்டு வந்த குழந்தையின் முதுகு போல இதமாகச் சூடேறிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு தோல் மூன்று அறையிலும் ஒன்றுபோலக் காய்ந்தது. எரிக்க எடுத்துவைத்த சக்கை தீராமல் கொட்டகையில் குவிந்தது. இடிச் சத்தமும் நின்றது. அது எலுமிச்சம்பழத்தின் வேலை என்று அக்கா எல்லோரிடமும் சொன்னாள், நாங்கள் மறுக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் நடு அறைக்கு வந்தார்கள். பாய் வீட்டிலிருந்து வந்த சால்னாவும் என் வீட்டுக் கருவாட்டுக் குழம்பும் கை மாறின.

கார்த்திகை மழையில் எனக்கு மகள் பிறந்தாள். வீட்டில் துணி காயவேயில்லை. ஈரத்துணியில் கிடந்து குழந்தை அழுதது. பாய் கேள்விப்பட்டு, "ரூம் கீது, இன்னா யோசனை? துணிய எடுத்துக்கினு வா" என்றார். முதல் அறையின் மூலையில் ஒரு கயிறு கட்டிக் குழந்தைத் துணிகளைப் போட்டேன். சாயங்காலம் மொறமொறவென்று காய்ந்துவிட்டன. மனைவி முகர்ந்து பார்த்துவிட்டு, பிள்ளைக்கும் அப்பன் வாசனையே வந்துவிட்டது என்றாள்.

ஒரு நாள் முதலாளி அறைக்குள் வந்தார். ஆட்டுத் தோல்களுக்கு நடுவே தொங்கிய சின்னச் சின்னத் துணிகளைப் பார்த்து யாருடையது என்று கேட்டார். பாய் முந்திக்கொண்டு, மேஸ்திரி வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்றார். முதலாளி ரேடியேட்டர் மேல் கொஞ்ச நேரம் கைகளைக் காயவைத்துக்கொண்டு போய்விட்டார். நான் கயிற்றை அவிழ்க்கப் போனேன், பாய் தடுத்தார்.

மறுநாள் காலை முதலாளி வீட்டு ஜட்கா வந்து நின்றது. வண்டிக்காரன் ஒரு துணிமூட்டையை இறக்கினான். பிரசவத்துக்கு வந்திருக்கும் முதலாளி மகளின் குழந்தைத் துணிகளாம், காய்ந்ததும் கொடுத்தனுப்பச் சொன்னார்களாம். பாய் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இன்னொரு கயிறு கட்டினோம்.