ஆறுதல் சொல்லாதவர்

பெங்களூர் விவேக் நகரில் நான் பூகோளம் நடத்தும் பள்ளிக்கு, நிலநடுக்கம் பற்றிப் பெற்றோருக்கு விளக்க ஒரு பெண் விஞ்ஞானி வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒட்ட வெட்டிய நரைமுடி. எந்த அறைக்குள் நுழைந்தாலும், உட்காருமுன் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்.

பாறையில் பதித்த ஜி.பி.எஸ். கருவியின் படத்தைக் காட்டினார். "பெங்களூரும் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் நகருதுன்னு இது காட்டுது. நம்மளைச் சுமக்கிற பூமித்தட்டு இமயமலைப் பக்கம் போய் முட்டுது. அழுத்தம் அங்கதான் சேருது."

ஒரு மாணவியின் தாய் எழுந்தார். "என் பெரிய பையன் அங்கதான் மேடம், கட்டட வேலையில இருக்கான். எந்த நாள் ஆடும்னு இந்த மெஷின் சொல்லுமா?"

"சொல்லாதும்மா."

"பயமில்லன்னாவது சொல்லுங்க."

"என் தம்பியும் அங்கதான் இருந்தான். பயப்படாதேன்னு சொன்னேன். இடிபாட்டுலேருந்துதான் அவன் உடம்பை எடுத்தாங்க. உங்ககிட்ட அப்படிச் சொல்ல மாட்டேன்."

பிறகு அந்தத் தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மகனுக்குப் போன் போடச் சொன்னார். அவன் படுக்கும் அறையைப் பற்றி விசாரித்தார். "அந்தக் கல் சுவரை ஒட்டிப் படுக்காதே தம்பி, தகரக் கொட்டகைக்கு மாறிக்கோ" என்று கெஞ்சினார். அங்கே குளிர் தாங்காது என்று அவன் சிரித்தான்.

அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். அந்தத் தாய்க்குத் தூக்கம் போய்விட்டது. "ஒரு பொய் சொல்ல அவங்களுக்கு மனசு வரலையே சார்" என்று என்னிடம் அழுதார்.

சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். நானும் நம்பியிருப்பேன்.