குகனேஸ்வரி கட்டிய சாக்கு

குகனேஸ்வரிக்கு வாய் கொஞ்சம் கூடத்தான். இத்தாலியப் பட்டினமான பலேர்மோவில் அவளைத் தெரிந்த எவரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். கபோச் சந்தையில் அவள் கத்தரிக்காய்க்கு விலை பேசத் தொடங்கினால், கூவிக் கூவி விற்கிறவனே தொண்டையைச் செருமிக்கொண்டு ஒதுங்கி நிற்பான். ஆனால் அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால் பிரான்காச்சோவில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பால்பண்ணை கிடைத்திருக்குமா? சொல்லுங்கள் பார்ப்போம்!

உரும்பிராயில் கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். கணவனைச் சண்டை கொண்டுபோன பிறகு, மகள் அபிதாவைக் கொழும்பில் தங்கச்சியிடம் விட்டுவிட்டு, தொண்ணூறாம் ஆண்டு பலேர்மோவுக்கு வந்து சேர்ந்தாள். கால்சாவில் ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாவைக் குளிப்பாட்டி, சமைத்துப் போட்டு, ஏச்சும் வாங்கிக்கொண்டு வருடங்கள் ஓடின. ஒருநாள் சிஞ்ஞோரா கண்ணை மூடினார். வீட்டைப் பூட்டினார்கள். வேலை போனது. வேலை இல்லையென்றால் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள். அந்தப் பெர்மெஸ்ஸோ இல்லாவிட்டால் மகளைக் கூப்பிடவே முடியாது. குகனேஸ்வரியின் நித்திரை கெட்டது அந்த ஒரு காரணத்தால்தான்.

அவளைப்போல வேலையில்லாமல் நின்றவர்கள் ஏராளம். ஞாயிறு பின்னேரங்களில் பிரான்காச்சோவில் இருந்த ஒரு கன்னியர் மடத்தில் கூடுவார்கள். சைவமாவது கிறிஸ்தவ வேதமாவது, தேத்தண்ணி எல்லாருக்கும் பொதுதானே. அந்த மடத்துச் சகோதரி எமிலியானா, இளம் வயதில் நியூசிலாந்தில் மாவோரி மக்களிடையே பணி செய்தவர். ஒருநாள் எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தபோது அவர் ஒரு கதை சொன்னார்.

"அங்கே மாவோரி மக்களுக்குச் சொந்தக் காணி இருந்தது. ஆனால் பற்றை மூடிக் கிடந்தது. முப்பதுகளில் நாடு முழுக்க வேலை இல்லாமல் போனபோது, அரசாங்கம் கைகொடுத்தது. அந்த ஆட்களே பற்றையை வெட்டி, புல் விதைத்து, மாடு கட்டி, அதைப் பால்பண்ணை ஆக்கினார்கள். நான் போனபோது அவர்களுடைய பிள்ளைகள் அங்கே பால் கறந்துகொண்டிருந்தார்கள்."

எல்லாரும் நல்ல கதை என்று தலையாட்டினார்கள். குகனேஸ்வரி தலையாட்டுகிற ஆளா?

"சிஸ்ரர், உங்கடை மடத்துக்குப் பின்னாலையும் அவ்வளவு காணி பற்றை பிடிச்சுக் கிடக்கே, அதிலை என்ன வளருது? பாம்போ?" என்று தன் அரைகுறை இத்தாலியனில் கேட்டுவிட்டாள்.

அது பட்டுப்போன எலுமிச்சைத் தோட்டம். அடுக்குமாடி கட்டுகிற ஒருவர் அதைக் கேட்டு மடத்துத் தலைவி அன்னை அகஸ்ரீனாவை நச்சரித்துக்கொண்டிருந்தார். எமிலியானா போய் மன்றாடியதில் அன்னை அரை மனதோடு ஒரு தவணை கொடுத்தார். மார்ச்சில் சான் ஜுசெப்பே திருநாள் வரும். அதற்குள் இந்தக் காணியிலிருந்து பால் வெளியே போய் விலைப்பட வேண்டும். விலைப்பட்டால் காணியும் வேலையும் இவர்களுக்கு. தவறினால் கட்டடக்காரருக்கு.

அந்த மாரி முழுக்க முள்ளும் மண்வெட்டியும்தான். மன்னாரிலிருந்து வந்த இராஜநாயகம், லொறி ஓட்டிய ஆள், ஒவ்வொரு எலுமிச்சைக் கட்டையைக் கிளப்பும்போதும் புலம்புவான். "அக்கா, கப்பலேறி வந்ததே மண் கிண்டத்தானோ?"

"கிண்டு தம்பி, கிண்டு. சும்மா இருந்து என்னத்தைக் கண்டனீ?" என்பாள் அவள்.

பற்றை போனது. புல் வந்தது. எமிலியானா யார் யார் காலிலோ விழுந்து நாலு சிவப்புச் சினைமாடுகளைக் கொண்டுவந்து சேர்த்தார். பாலை வாங்க ஆளையும் குகனேஸ்வரியே பிடித்தாள். கபோவில் ரிக்கோத்தாப் பாற்கட்டி செய்து விற்கிற கஸ்பாரே. சான் ஜுசெப்பேக்கு ஊர் முழுக்க ரிக்கோத்தா வைத்த பலகாரம் தின்னும், அவனுக்குப் பால் போதாது. மாடு கன்று போட்டதும் வந்து பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தான்.

மார்ச் தொடக்கத்தில் ஒரு பின்னேரம் முதல் மாடு கன்று போட்டது. "நாகு கண்டு! நாகு கண்டு!" என்று குகனேஸ்வரி போட்ட சத்தத்தில் மடமே ஓடி வந்தது. பெட்டைக் கன்று என்றால் சும்மாவா! கஸ்பாரேக்கும் சொல்லி அனுப்பினார்கள். பிறகு கன்றைச் சுற்றியிருந்த நச்சுக்கொடியான இளங்கொடி விழுந்தது. அதில் நாய் வாய் வைக்கக் கூடாது. பால் வடிகிற மரத்தில் உயரக் கட்டினால்தான் மாடு பால் சொரியும். உரும்பிராயில் ஆலமரம் இருந்தது. இங்கே வாசலில் அத்திமரம் நின்றது, அதிலும் பால் வடியும்தானே. இளங்கொடியைச் சாக்கில் போட்டு, வாசல் பக்கக் கிளையில் கட்டித் தொங்கவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நிம்மதியாகப் போய்விட்டாள்.

விடிந்ததும் இராஜநாயகம் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"அக்கா! எல்லாம் முடிஞ்சுது! ஆரோ எங்களை மிரட்டுறாங்கள். வாசல் மரத்திலை இரத்தச் சாக்கு தொங்குது. கஸ்பாரே கண்டிட்டு, நெஞ்சிலை சிலுவை போட்டு, வான் வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்திட்டான். தெருவிலை ஒரு யன்னல் திறந்திருக்கேல்லை!"

"அட கோதாரி! அது நான் கட்டின இளங்கொடியடா!"

அவன் வாயைப் பிளந்தான். "அக்கா, இது என்ன உரும்பிராயோ? மாஃபியாக்காரர் ஆட்டுத் தலையை வாசலிலை வச்சு ஆக்களைக் கலைக்கிற ஊர். இஞ்சை இரத்தம் சொட்டினா ஆர் மாட்டை நினைப்பினம்?"

குகனேஸ்வரி கறக்கிற முக்காலியில் தொப்பென்று இருந்தாள். கஸ்பாரே ஓடிவிட்டால், இரத்தச் சாக்குக் கதை பரவிவிட்டால், இந்த ஊரில் வேறு எவன் வந்து பால் வாங்கப் போகிறான்? "என்ரை பிள்ளையின்ரை வரவை நானே கெடுத்துப்போட்டனே" என்று ஒரு பாட்டம் அழுதாள்.

அழுது முடிந்ததும் எழும்பினாள். அதுதான் குகனேஸ்வரி. முதல்நாள் இரவே கறந்த சீம்பாலைச் சீனி போட்டு அவித்துக் கடும்பு செய்து வைத்திருந்தாள். அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, இராஜநாயகத்தையும் இழுத்துக்கொண்டு, கபோவுக்குப் பஸ் ஏறினாள்.

அவளைக் கண்டதும் கஸ்பாரே கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டான்.

"வேண்டாம் சிஞ்ஞோரா, போய்விடு. எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்."

"எனக்கும் பிள்ளை இருக்கு!" என்று அவள் போட்ட போட்டில் சந்தையே திரும்பிப் பார்த்தது. பிறகென்ன? மாடு கன்று போட்டதை, கொடி விழுந்ததை, சாக்கில் கட்டியதை, வார்த்தை வராத இடத்தில் வயிற்றையும் காலையும் காட்டி நடித்தே விளக்கினாள். ஒலிவ் விற்கிறவன் சிரிப்பை அடக்க முடியாமல் தராசைப் பிடித்துக்கொண்டான். இராஜநாயகம் வெட்கத்தில் நிலத்தைப் பார்த்தான்.

"நம்பாட்டி இதைத் திண்டு பார்!"

கஸ்பாரே தயங்கித் தயங்கி ஒரு துண்டை வாயில் போட்டான். பாலோடு பிறந்து வளர்ந்தவன், நாக்குப் பொய் சொல்லுமா?

"இது சீம்பால்!" என்று கத்தினான். "கன்று போட்ட மாட்டின் சீம்பால்!" பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். சட்டி கடை கடையாகப் போய் வெறுமையாகத் திரும்பி வந்தது.

சீம்பால் தெளிந்து, இரண்டாவது மாடும் கன்று போட்டு, திருநாளுக்கு முன்னமே கஸ்பாரேயின் வான் பால் கான்களோடு வாசலைத் தாண்டியது. பின்னால் இராஜநாயகம் விசிலடித்துக்கொண்டு ஓடினான். எமிலியானா அழுதார். குகனேஸ்வரியும் அழுதாள், இந்தத் தடவை சந்தோசத்தில். அந்தத் திருநாளில் கபோவில் சனம் "சாக்கு மாட்டு ரிக்கோத்தா" என்று கேட்டு வாங்கித் தின்றது!

அன்னை அகஸ்ரீனா அவளைக் கூப்பிட்டார். முகம் இறுக்கமாகத்தான் இருந்தது.

"கட்டடக்காரர் தொலைபேசி எடுத்தார். இந்தக் காணி இனித் தனக்கு வேண்டவே வேண்டாமாம். இதில் பெரிய கை ஒன்று விழுந்துவிட்டதாம். வாசலில் அடையாளம் கட்டியிருந்ததாம்."

குகனேஸ்வரி யன்னலால் அத்திமரத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பெரிய கை உன்னுடையதுதானே?" என்றவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். காணி அவர்களுக்கு என்றானது. பற்றை வெட்டிய அத்தனை பேருக்கும் முறையான வேலை ஒப்பந்தம். குவெஸ்தூராவில் இனி எவனும் அவளிடம் கேள்வி கேட்க முடியாது.

அன்றைக்கே கபோவில் இருந்த தொலைபேசிக் கடைக்கு ஓடினாள். கொழும்பில் தங்கச்சி எடுத்து, மகளிடம் கொடுத்தாள். "அம்மா?" என்றது அங்கிருந்து குரல்.

குகனேஸ்வரி சுகம் விசாரிக்கவில்லை, கதை சொல்லவில்லை. கண்ணாடிக் கூண்டு அதிரக் கத்தினாள்.

"அபிதா! இஞ்சை வர வெளிக்கிடு பிள்ளை!"