நான் வெளியிடாத மறுப்பு

செவ்வாய்க்கிழமை தேதியிட்ட கடிதம் ஒன்று மேஜையில் கிடக்கிறது. எழுதியவர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளியிருக்கும் ரயில்வே கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர். ‘மைதானத்தில் ஓடியது என் மகள் அல்ல என்று அடுத்த வாரமே ஒரு மறுப்புப் போடவும்.’ இவ்வளவுதான் கடிதம்.

என்ன நடந்தது? பெண்கள் பள்ளியில் நடந்த ரவுண்டர்ஸ் ஆட்டத்தைப் பற்றிப் பத்திரிகையின் இதே பகுதியில் எழுதியிருந்தேன். கட்டையால் பந்தை அடித்துவிட்டு நான்கு கம்பங்களைச் சுற்றி ஓடும் ஆட்டம் — அமெரிக்காவில் இதன் அண்ணனுக்குப் பேஸ்பால் என்று பெயர். முழங்காலில் ரத்தம் வழிய நான்காவது கம்பத்தைத் தொட்ட பெண்ணைப் பாராட்டியிருந்தேன். விவரம் விடுபடக்கூடாதே! பெயர், வயது, தகப்பனார் உத்தியோகம், தெரு... எல்லாம் போட்டேன்.

அவளுக்குக் கிள்ளானில் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். யோசித்தேனா? இல்லை.

கடிதத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

“கிள்ளான் ஆக்கள் வாசிச்சுப்போட்டினம், அண்ணை,” என்றார். “ஆம்பிளையள் பாத்துக்கொண்டு நிக்க ஓடுற பிள்ளையோ எண்டு கேக்கினம். நான் என்ன சொல்ல?”

மகள் கதவோரம் நின்றிருந்தாள்.

“ஓடினது நான்தானே அப்பா. இல்லையெண்டு எழுதிப்போடாதேங்கோ, மாமா.”

“உன்னை ஆர் கேட்டது? உள்ள போ.”

“முழங்கால் இன்னும் நோகுது. அதையும் இல்லையெண்டு எழுதுவாரோ?” என்று கேட்டுவிட்டுத்தான் போனாள்.

நான் மறுப்புப் போடவில்லை. உண்மையை எப்படி மறுப்பது? அவளும் வேண்டாம் என்றுதானே சொன்னாள்? இரண்டு நியாயங்கள் கையில் இருந்தன. நிம்மதியாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை கிள்ளானிலிருந்து அவள் ஜாதகம் திரும்பி வந்தது. திங்கட்கிழமை முதல் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

“இனி வாற இடமாவது தப்பட்டும்,” என்றார் தகப்பனார். இதை எழுதலாமா என்று கேட்டேன். “இனி என்ன, எழுதுங்கோ. பேரை மட்டும் விடுங்கோ.”

விட்டுவிட்டேன். இப்போதுதான் வருகிறது இந்த ஜாக்கிரதை.

பெண் பரீட்சையில் பரிசு வாங்கினால் சட்டம் போட்டு மாட்டுகிறோம். அவளே வியர்க்க வியர்க்க ஓடினால், யார் பார்த்தார்கள் என்று முதலில் கேட்கிறோம். நான் பார்த்தேன். பார்த்ததோடு நில்லாமல் அச்சிலும் ஏற்றினேன். எழுதிய நான் வீதியில் நடக்கிறேன், ஓடியவள் வீட்டுக்குள் இருக்கிறாள். இதற்கு என்ன மறுப்புப் போட்டு என்ன பயன்?

சனிக்கிழமை கிள்ளானில் அடுத்த ஆட்டம். ஒன்பது பேர் ஆட வேண்டியதற்கு ரயிலேறிப் போனது எட்டுப் பேர். சின்ன வகுப்பிலிருந்து ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றாராம் ஆசிரியை. “அவ இடத்துல யாரும் வேணாம் டீச்சர். தோத்தா தோத்துட்டுப் போறோம்,” என்றார்களாம் பிள்ளைகள்.

தோற்றார்கள். 

ஆசிரியை இன்னொன்றும் சொன்னார். வராதவள் பெயரையும் ஒன்பதாவதாக எழுதச் சொல்லி, அவள் முறை வந்தபோதெல்லாம் ‘அவுட்’ என்று ஒப்புக்கொண்டு ஆடினார்களாம். கிள்ளான் பள்ளியின் ஸ்கோர் புத்தகத்தில் அது அப்படியே இருக்கிறதாம். நான் இன்னும் அந்தப் புத்தகத்தைப் பார்க்கவில்லை.