அத்தானின் வேட்டைக்காரன்

லண்டன் ஹரோவில் அக்கா வீட்டு மாடியில், ஒரு கட்டிலைப் போட்டால் கதவு திறக்காத அளவுக்கு ஒரு சின்ன அறை உண்டு. அதுதான் சாமி அறை. பிள்ளையார், லட்சுமி, நல்லூர்க் கந்தன் என்று மாட்டியிருக்கும் படங்களுக்கு நட்டநடுவில், தங்க நிறச் சட்டம் போட்டு, மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக ஒரு படம் இருக்கிறது. மஞ்சள் பாறை. அதில் காவி நிறத்தில், காலை அகட்டி ஓடுகிற ஒரு மெலிந்த உருவம். தலையில் ஏதோ சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. கையில் நீளமாக ஒன்று, நுனியில் இலை மாதிரி. புதிதாக வருகிறவர்கள் "இது எந்தக் கோயில்?" என்று கேட்பார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "பாலைவனத்து முருகன்" என்பா. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது முருகனும் இல்லை, அது கோயிலும் இல்லை. அது அத்தானின் வேட்டைக்காரன்.

அத்தான் என்றால் அக்காவின் புருஷன். எழுபதுகளின் கடைசியில் கணக்கியல் படிக்க லண்டனுக்கு வந்து, படித்து முடித்து, ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். ஊரில் கலவரம் வந்த பிறகு அக்காவும், அவவின் பின்னால் நானும் வந்து சேர்ந்து, மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். மற்றத் தமிழருக்குச் சனி ஞாயிறு என்றால் கோயில், கலியாண வீடு, ஈஸ்ட் ஹாம் தமிழ்க் கடைகளில் மரக்கறி. இந்த மனிசனுக்கு நடை. வெள்ளைக்காரர் நடத்திய ஒரு நடைச் சங்கத்தில் சேர்ந்து, மழையில் வேல்ஸ் மலையெல்லாம் ஏறினார். பிறகு ஒரு வசந்த காலத்தில் அவர்களோடு சகாராவுக்குப் போனார். அல்ஜீரியாவின் தெற்கே, ரோடு போகாத ஒரு தேசியப் பூங்கா. பீடபூமிக்கு மேலே நாட்கணக்காக நடந்து, மணலில் படுத்து, பாறைக் குகைகளில் பழங்கால மனிதர் தீட்டிய ஓவியங்களைப் பார்க்கிற பயணம். போன மனிசன் திரும்பி வந்தார் என்றே சொல்லமாட்டேன். உடம்புதான் வந்தது. "ஒரு காலத்திலை அங்கை ஆறு ஓடியிருக்கு. மாடு வளர்த்திருக்கினம். தண்ணி வத்தினவுடனை சனம் வெளிக்கிட்டுப் போட்டுது, படம் மட்டும் நிக்குது. அவையும் எங்களை மாதிரித்தான், இருந்த இடத்தை விட்டிட்டு ஓடின சனம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லுவார். பிறகு வருஷம் தவறாமல் போனார்.

ஒவ்வொரு தடவையும் வந்து வீட்டில் படம் காட்டுவார். தன் கலியாண வேட்டியைச் சுவரில் இரண்டு ஆணியில் இழுத்துக் கட்டி, யன்னல் சீலையை மூடிவிட்டு, சிலைட் புரொஜெக்டரைப் போடுவார். வந்த சனத்துக்கு அக்கா வடையும் தேத்தண்ணியும் கொடுப்பா. வடை முடியும் வரைக்கும் சனம் இருக்கும். அப்படி ஒரு நாள் இந்த வேட்டைக்காரன் வேட்டியில் வந்து நின்றபோது, கோயில் காரியம் எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நிற்கிற ஒரு அயல்வீட்டு மாமி, கடித்த வடையோடு எழும்பிவிட்டா. "ஐயோ, இது முருகனெல்லோ! பாருங்கோ, கையிலை வேல்!"

"அது ஈட்டி, மாமி. வேட்டைக்காரன். தலையிலை இறகு கட்டியிருக்கிறான்" என்றார் அத்தான்.

"இறகோ? அப்ப மயிலிறகுதான். உமக்கு என்ன தெரியும், விடும்!"

அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "ஓம் ஓம், முருகன்தான். வள்ளி கோவிச்சுக்கொண்டு இஞ்சாலை வந்திட்டா எண்டு தேடி வந்திருக்கிறார்" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வடைத் தட்டைக் கையில் பிடித்தபடி வேட்டியையே பார்த்துக்கொண்டு நின்றா. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அத்தான் கெட்டது அந்த ஒரு பகிடியால்தான்.

அக்கா ஏன் அப்படிப் பார்த்தா என்பதைச் சொல்லவேண்டும். அவர்களுக்கு ஒரே மகன். சோதனை எழுதி முடிக்கட்டும் என்று அவனை ஊரில் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தா. சோதனை முடிந்தது, சண்டை முடியவில்லை. வயது கூடிப்போச்சு என்று விசாவும் கொடுக்கவில்லை. கடைசியில், காசு வாங்கி ஆட்களைக் களவாக நாடு கடத்திவிடுகிற ஒரு ஏஜென்சிக்காரனோடு அனுப்பினார்கள். சிங்கப்பூர் வரைக்கும் வந்தது தெரியும். அதற்குப் பிறகு எந்த நாட்டில், எந்த அறையில் அடைபட்டுக் கிடக்கிறான் என்று ஏஜென்சிக்காரனுக்கும் தெரியாது; தெரிந்திருந்தாலும் சொல்லவில்லை. மாதக்கணக்காக ஒரு டெலிபோன் இல்லை. அக்கா வெள்ளி, செவ்வாய், கந்தசட்டி என்று எல்லா விரதமும் பிடித்தா. பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலில் அந்தோனியாருக்கும் மெழுகுதிரி கொளுத்தினா. அத்தான் வேலை முடிந்து வந்து, தெரிந்தவன் தெரியாதவன் எல்லோருக்கும் போன் அடித்துக் கேட்பார். பிறகு சிலைட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு இருப்பார். "பிள்ளையைக் காணேல்லை, இவருக்குப் பாறை" என்று வந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் கதைத்தார்கள். டெலிபோன் அடித்தால் அந்தச் சிலைட்டுகளைப் போட்டுவிட்டு முதலில் ஓடுகிறவர் அவர்தான் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் சங்கம் அவரிடம், இந்த வருஷப் பயணத்தை நீங்களே கூட்டிப் போங்கள் என்றது. நன்றாக நடத்தினால் இனி எல்லா வருஷமும் பாலைவனப் பயணம் உங்கள் பொறுப்பு என்றும் சொன்னார்கள். அந்தச் சங்கத்தில் அதுவரை வெள்ளைத்தோல் இல்லாத ஒருவர் முன்னுக்கு நடந்ததில்லை. வேலையிடத்தில் அவர் தொழில் பழக்கிவிட்ட பையன்களெல்லாம் அவருக்கு மேலே போய்க் குந்தியிருந்த காலம். அவரை நம்பி ஒரு கூட்டம் பின்னால் நடக்கப்போகிறது என்றால் அது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம்! சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னபோது அக்கா தலை நிமிராமல், "நானும் வாறன்" என்றா.

"நீரோ? கூடாரத்திலை படுக்கவேணும். குளிக்க ஏலாது."

"ஏலும். வாறன்."

அத்தான் என் பக்கம் திரும்பி, "கேட்டீரே தங்கச்சி!" என்றார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். தான் ஆசைப்பட்ட ஒன்றைப் பெண்சாதி இத்தனை வருஷத்துக்குப் பிறகாவது பார்க்க ஆசைப்படுகிறா என்று அந்த மனிசன் நம்பிவிட்டார். அவவுக்கும், துணைக்கு வரச் சம்மதித்த எனக்கும் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். ஞாயிறு தோறும் எங்கள் இரண்டு பேரையும் ஹரோக் குன்றில் ஏற்றி இறக்கினார். அக்காவுக்கு மூச்சு வாங்கினால் அவவின் பையையும் தான் தூக்கிக்கொள்வார். அவர்கள் அப்படிச் சேர்ந்து நடந்து நான் கண்டது அப்போதுதான். நடக்கும்போதே பாடம் நடத்துவார். படங்களைத் தொடக்கூடாது. கிட்டப்போய் மூச்சுக்கூட விடாதையுங்கோ. நிறம் எடுப்பாகத் தெரியட்டும் என்று சில பேர் தண்ணீர் தெளித்துப் போட்டோ எடுப்பார்கள், அதைப் போல நாசம் வேறு இல்லை. "கண்ணாலை பாக்கிறது. கையாலை பாக்கிறேல்லை." அக்கா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றா. புறப்பட முதல்நாள் தனியாக ஈஸ்ட் ஹாமுக்குப் போய் வந்தா. என்ன வாங்கினீங்கள் என்று கேட்டதற்கு, "சமையலுக்குச் சாமான்" என்றா.

பீடபூமிக்கு ஏறுகிற பாதையில் மூட்டைகளைக் கழுதைகள் சுமந்தன. அத்தான் முன்னுக்கு, அவரோடு நீலத் துணியால் தலையும் முகமும் சுற்றிய வழிகாட்டி, பின்னால் வெள்ளைக்காரர், கடைசியில் நாங்கள். மேலே போனால் காற்று அரித்த கல்லுத் தூண்கள், ஆள் நடமாட்டம் இல்லாத ஊர் மாதிரி தெருத் தெருவாக நிற்கும். பொழுதுபடும் நேரத்தில் வழிகாட்டி தணலை விலக்கி, சுட்ட மணலுக்குள் மாவைப் புதைத்து ரொட்டி எடுப்பார். அத்தான் அதை மணல் தட்டிப் பிய்த்து எல்லோருக்கும் கொடுப்பார். யார் தண்ணீர் குடித்தார்கள், யாருடைய கால் கொப்பளித்தது என்று அவருக்குத் தெரியும். வெள்ளைக்காரர் அவரைக் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது, பெருமையில்தான். லண்டனில் தோளைக் குறுக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற மனிசன் இவர்தானா என்று இருந்தது.

வேட்டைக்காரன் இருந்த குகையைப் பார்த்தது ஒரு முற்பகலில். குகை என்றால் பெரிய குகை இல்லை. பாறை குடை மாதிரிக் கவிந்து, கை நீட்டினால் கூரை முட்டும். எல்லோரும் வாய் பொத்தி நின்று பார்த்தார்கள். அத்தான் அக்காவைத்தான் பார்த்தார். அவவின் கண்ணால் தண்ணீர் ஓடியது. "பாத்தீரே, அழுறா" என்று என் காதுக்குள் சந்தோஷமாகச் சொன்னார். பிறகு கொஞ்சம் தள்ளி நிழலில் இருந்து மதியம் சாப்பிட்டோம். அக்கா "இஞ்சருங்கோ, வாறன்" என்று எழும்பிப் போனா. வெளிக்குப் போகிறா என்று நினைத்து ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அத்தான் வட்டத்துக்கு நடுவில் இருந்து பேரீச்சம்பழம் பங்கிட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் மணந்தது.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று கேட்பார்கள். அந்தக் கற்பூரத்தை அவ்வளவு உயரத்துக்குச் சுமந்து வந்ததே கழுதைதான், பாவம். எங்களுக்கு வாசனை தெரியுமே! அத்தான் பழத்தைக் கொட்டிவிட்டு ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம். தேங்காய் உடைந்து கிடந்தது. குடிக்க வைத்திருந்த ஒரு போத்தல் தண்ணீரையும் அபிஷேகம் என்று அந்த உருவத்தின் மேல் ஊற்றி, காவி நிறம் கரைந்து கீழே வழிந்திருந்தது. நெற்றியில் சந்தனம் குழைத்துப் பூசி, அதன் மேல் குங்குமம். அடியில் ஒரு கல்லில் கற்பூரம் குவியலாக எரிய, கவிந்த பாறை புகையை வெளியே விடாமல் திருப்பியனுப்ப, காலிலிருந்து ஈட்டி நுனி வரைக்கும் கரி ஏறிக்கொண்டிருந்தது. அக்கா கைகூப்பி நின்றா. உதடு மகனின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளைக்காரி கைக்குட்டையோடு பாய்ந்தா. வழிகாட்டி அவவின் கையைத் தட்டிவிட்டார். துடைக்கக்கூடாது, துடைத்தால் கரியோடு படமும் வந்துவிடும் என்று சைகையால் காட்டினார். பிறகு, யார் இதைச் செய்தது என்று அத்தானிடம் கேட்டார்.

"நான்" என்றார் அத்தான். எல்லோருக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்தில் இன்னொரு தரம் சொன்னார். அது எங்கள் வழக்கம், நான்தான் கொளுத்தினேன் என்றார். வழிகாட்டி முகத் துணியைக் கண் வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு போய்க் கழுதைகளுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார்.

இறங்கும்போது வெள்ளைக்காரர் எங்களை விட்டு விலகி முன்னுக்குப் போனார்கள். நான் பொறுக்கமாட்டாமல், "என்ன வேலை பாத்தியள் அக்கா!" என்று கத்தினேன். அவ நின்று, "என்ரை பிள்ளைக்காகக் கும்பிட்டது பிழையோ?" என்றா. அத்தான்தான், "விடும் தங்கச்சி, தாய் மனம்" என்றார். உண்மையை நான் சங்கத்தில் சொல்லப்போகிறேன் என்றபோதும் விடவில்லை. "அவளைக் கூட்டிக்கொண்டு போனது நான். பொறுப்பு என்ரை" என்றார்.

லண்டனில், ஒரு மண்டபத்தில், பிஸ்கட்டும் தேத்தண்ணியும் வைத்துக்கொண்டு விசாரித்தார்கள். அதற்கு விசாரணை என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவு மரியாதை. தலைவர் அத்தானின் தோளில் கை போட்டு, நீங்கள் கொஞ்சக் காலம் ஓய்வெடுத்தால் நல்லது என்றார். இன்னொருவர், உங்கள் மக்களுக்கு இது எவ்வளவு புனிதமானது என்று எங்களுக்குப் புரிகிறது என்றார். என்னத்தைப் புரிந்தார்கள்? புகை மணந்த நேரம் அத்தான் அவர்களுக்கு நடுவில் இருந்து, அவர்கள் கையில்தான் பழத்தை வைத்துக்கொண்டிருந்தார். அது அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அந்தப் பொய்யை ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொள்வது சுலபமாக இருந்தது. அத்தான் எல்லோருக்கும் நன்றி சொல்லி, குடித்த கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் டெலிபோன் அடித்தது. மகன்! பாரிஸில் நிற்கிறான். இன்னும் கொஞ்ச நாளில் மெலிந்து, தாடியோடு, உயிரோடு வாசலில் வந்து நின்றான். அவனைக் கட்டிப்பிடித்து அத்தான் அழுத அழுகை தெரு வரைக்கும் கேட்டது. அந்த நாளோடு அத்தானின் வாயும் அடைபட்டது. பிள்ளை வந்துவிட்டான், கற்பூரம் வென்றுவிட்டது. இனி அவர் கோபப்பட்டால் எதற்குக் கோபப்படுவது? அக்கா அந்தச் சிலைட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிதாக்கிச் சட்டம் போட்டா. அயல்வீட்டு மாமி வந்து மாலை போட்டா. ஹவுன்ஸ்லோவிலிருந்தெல்லாம் சனம் வந்து, விசா, வீடு, கலியாணம் என்று நேர்ந்துவிட்டுப் போனது. அத்தான் வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போடுவார்.

அவர் பிறகு எங்கேயும் நடக்கப் போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அக்காவைக் கோயிலுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் காருக்குள்ளேயே இருப்பார். தொண்ணூறுகளின் நடுவில் நெஞ்சு வலித்துப் போய்ச் சேர்ந்தார். ஆணி அடித்த ஓட்டை இரண்டும் தெரிகிற அந்தக் கலியாண வேட்டியைத்தான் உடுத்தி அனுப்பினோம். சங்கத்திலிருந்து ஒரு பூ வளையம் வந்தது. எனக்கு அதைத் தூக்கி வீதியில் எறியவேண்டும் போல இருந்தது. மகன் பொறுப்பாகக் கொண்டுபோய்க் காலடியில் வைத்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவுக்கு வயது போய் நடை அலுத்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

இப்போது அக்காவுக்குக் கை தோளுக்கு மேலே உயராது. வெள்ளி தோறும் நான் போகிறேன். அந்தச் சின்ன அறையில் அவ கற்பூரம் கொளுத்துவா, யன்னலைத் திறக்கவும் விடமாட்டா, புகை படத்தின் கண்ணாடியில் காலிலிருந்து ஏறும். பூசை முடிந்ததும் நான் ஈரத் துணியை எடுப்பேன். "கவனம், முருகன்" என்பா அக்கா. நான் துடைப்பேன். முதலில் கால் தெரியும், பிறகு அகட்டிய தொடை, ஈட்டி, தலையில் சிலிர்த்த இறகு. எல்லாம் வந்துவிடும். இது கண்ணாடி. துடைக்கலாம்.