சாவிக்காரரின் ஜோடி

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் நோயாளிகளைப் பார்க்கப் போகும் சபைக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. யாரும் தனியாகப் போகக்கூடாது. இரண்டு பேராகப் போய் இரண்டு பேராகத் திரும்ப வேண்டும். அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஜோடியில் ஒருவர் எழுந்து, எத்தனை வீடு, எத்தனை பேர் போனோம், நோயாளி எப்படி இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். நோயாளியின் பெயரை மட்டும் சொல்லக்கூடாது. நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். பதினோரு வருடமாக நான்தான் செயலாளர். வேறு யாரும் முன்வரவில்லை, அவ்வளவுதான்.

சாவிக்காரரின் கடை, மார்க்கெட் திருப்பத்தில் ஒரு கதவு அகலத்துக்கு இருக்கும். உள்ளே அவரும் சாவி வெட்டும் மெஷினும் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. பூசைக்கு வரும்போதுகூட சட்டைப் பையில் இரும்புத்தூள் மினுங்கும். ஆள் பேசவே மாட்டார். யாராவது சாவி தொலைந்துவிட்டது என்று பதறி ஓடிவந்தால், கடைசியா எங்க வச்சீங்க என்று மட்டும் கேட்பார். பாதிப் பேர் யோசித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவார்கள். இந்த மனிதனுக்குக் கடை எதற்கு என்று அவர் மனைவி என்னிடம் தலையில் அடித்துக்கொள்வாள்.

சபையில் அவருடைய ஜோடி, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இவர் பேசாததையும் சேர்த்து அவர் பேசுவார். தெருமுனையில் அவர் குரல் கேட்டாலே நோயாளி எழுந்து தலை வாரிக்கொள்வார் என்பார்கள். டிரைவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பஸ் கதைகளை அவிழ்த்துவிட, சாவிக்காரர் அந்த வீட்டில் ஆடிக்கொண்டிருக்கும் தாழ்ப்பாளையோ கழன்ற கொக்கியையோ தேடிப் பிடித்து முடுக்கிக்கொண்டிருப்பார். பிறகு இருவரும் ஜெபம் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். பத்தொன்பது வருடம் இப்படியே. கூட்டத்தில் எழுந்து அறிக்கை சொன்னதெல்லாம் டிரைவர்தான். சாவிக்காரர் வாயிலிருந்து வந்ததாக என் நோட்டில் ஒரு வரிகூடக் கிடையாது.

போன வருடம் டிரைவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சும் முக்கால்வாசி போயிற்று. அவர் படுத்திருந்த மூன்று மாதமும் சாவிக்காரர் எங்கள் சபையின் வாத்தியாரை ஜோடியாக வைத்துக்கொண்டு வீடுகளுக்குப் போய்வந்தார். அப்புறம் டிரைவர் கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் கோவிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் சாவிக்காரர்.

அன்றைக்கு மன்றாட்டு வாசித்தது நான். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில், முந்தின நாளே அவருக்காக ஒன்று எழுதி வைத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவர் பெயரைச் சொல்லி, படுத்த படுக்கையாகக் கிடக்கும் எங்கள் சகோதரருக்காக என்று மைக்கில் வாசித்தேன். ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று கோவிலே சொன்னது. சொல்லிக்கொண்டே ஒவ்வொரு தலையாகப் பின்னால் திரும்பியது. டிரைவர் எழுந்தார். அவர் வாசலைத் தாண்டும் வரை கம்பு தரையில் தட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக் கதவு யாருக்கும் திறக்கவில்லை. நான் இரண்டு தடவை போனேன். அவர் தூங்குகிறார் என்று அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, ஜன்னல் வழியாகச் சொன்னாள். அவள் கண் என்னைப் பார்க்கவில்லை. சாவிக்காரர் தினமும் கடை அடைத்ததும் போய் நின்றார், அவருக்கும் அதே பதில்தான். வாத்தியாரோடு போங்களேன் என்று தலைவர் சொன்னதற்கு, என் ஜோடி எழுந்து நடக்க ஆரம்பித்தாயிற்று, இனி வேறு ஜோடி எதற்கு என்று சொல்லிவிட்டார். ஜோடி வரவில்லை, தனியாகப் போக விதி இல்லை. ஆகவே அவர் எந்த வீட்டுக்கும் போகவில்லை. ஐந்து திங்கட்கிழமை வரிசையாக ‘சந்திப்பு இல்லை’ என்று எழுதினேன். ஆறாவது தடவையும் அப்படி எழுதினால் சபையிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும். அதுவும் விதிதான். எடுக்கவேண்டிய கையும் என் கைதான்.

அந்த ஐந்தாவது திங்களுக்கு மறுநாள் காலை, நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு சாவிக்காரர் வந்தார். மருந்து எதுவும் கேட்கவில்லை.

“உன் முழங்கால் எப்படிம்மா இருக்கு?”

மாடிப்படி ஏறினால் உயிர் போகிறது என்றேன்.

“அப்ப நோயாளி பட்டியல்ல உன் பேரை எழுது. நாங்க வந்து பாக்குறோம். உன் வீடு தரைத்தளம், டிரைவர் அண்ணனுக்குப் படி ஏற வேண்டாம்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “நான் என்ன படுத்தா கிடக்கேன்? பட்டியல்ல என் பேரைப் பார்த்தா நாலு பேரு என்ன நினைப்பாங்க?”

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. சாவிக்காரர் கவுண்டரில் இருந்த பேனாவை என் பக்கம் நகர்த்தினார். எழுதினேன்.

அன்று சாயங்காலம் டிரைவர் வீட்டில் நடந்ததை அண்ணி எனக்குப் பிற்பாடு சொன்னாள். பூட்டு திறப்பதே பிழைப்பாக உள்ள மனிதர் அந்தக் கதவைத் தட்டக்கூட இல்லையாம். வெளியே நின்றபடியே பேசினாராம்.

“அண்ணே, நாளைக்கு ஒரு வீடு குடுத்திருக்காங்க. தனியா போகக்கூடாதுன்னு உங்களுக்கே தெரியும். நீங்க வரலன்னா திங்கக்கிழமை என் பேரை அடிச்சிருவாங்க. நாளைக்கு நாலு மணிக்கு வந்து இங்கயே உக்காந்திருப்பேன். சட்டையைப் போட்டுட்டு வாங்க.”

அந்த மனிதர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அண்ணி கேட்டதே இல்லை. மறுநாள் நாலு மணிக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். அரைமணி நேரம் போயிற்று. உள்ளே டிரைவர் இடது கையால் சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். உதவிக்குப் போன அண்ணியை முறைத்தே விரட்டிவிட்டார். கடைசியில் கதவு திறந்தபோது பித்தான்கள் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தன. சாவிக்காரர் அதைப் பார்த்தும் பார்க்காதவராக எழுந்து முன்னால் நடந்தார்.

என் வீட்டுக்கு அப்படியேதான் வந்தார்கள். நான் ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அசடு வழிந்தது. வேலைக்குப் போய்வருகிற ஒருத்தியை வந்து பார்க்கிறார்களே என்று உடம்பெல்லாம் கூசியது. சாவிக்காரர் நேராகச் சமையலறைக் கதவுத் தாழ்ப்பாளுக்குப் போய்விட்டார். டிரைவர் என் எதிரே உட்கார்ந்தார்.

“அண்ணே, அன்னைக்கு நான் பாக்காம வாசிச்சது தப்பு. மன்னிச்சிருங்க.”

அவர் வாய் அசைந்தது. வார்த்தை வர நேரமாயிற்று.

“கால... மடக்காத.”

அவ்வளவுதான். மன்னித்தாரா இல்லையா, தெரியவில்லை. பிறகு அவரே பரலோக மந்திரத்தை ஆரம்பித்தார். பாதியில் ஒரு சொல்லில் நின்றுவிட்டார். அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்க எனக்கு நாக்கு துடித்தது. பிறர் பேச்சை முடித்துவைத்தே பழகிய வாய் இது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அந்தச் சொல் வந்தது. ஆமென் வரைக்கும் அவரே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

திங்கட்கிழமை இருவரும் கூட்டத்துக்கு வந்தார்கள். அவர்கள் முறை வந்ததும் சாவிக்காரர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அசைவதாகவே இல்லை. எல்லோரும் காத்திருந்தோம். டிரைவர் முன் நாற்காலியைப் பிடித்து எழுந்தார்.

“ஒரு வீடு,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ரெண்டு பேரு.”

நோயாளி எப்படி இருக்கிறார் என்று தலைவர் வழக்கம்போலக் கேட்டார். டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“கால்... அப்படியேதான் இருக்கு. வாய்... கொஞ்சம்... குறைஞ்சிருக்கு.”

பெயரைச் சொல்லவில்லை, விதியை மீறவில்லை. ஆனால் அறையே என்னைப் பார்த்துச் சிரித்தது. தலைவரும் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் முட்டி நோட்டு மங்கலாகத் தெரிந்தது. அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதினேன். பிறகு நோயாளி பட்டியலை எடுத்து, பக்கவாதம் வந்த நாளிலிருந்து அதில் இருந்த டிரைவர் பெயரை அடித்தேன். அப்படியே என் பெயரையும் அடிக்கப் போனேன்.

அப்போது சாவிக்காரர் எழுந்து நின்றார். பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

“அதை அடிக்காதம்மா,” என்றார். “அடுத்த புதன்கிழமையும் வர்றோம். உனக்கு இன்னும் முழுசா குணமாகல.”