நான் இந்தியில் கேட்டேன்

கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தகடுகளை மிஷினில் அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப். அங்கே வேலை செய்யும் ஒடிசாத் தொழிலாளர்களிடம் பாதுகாப்பு பற்றி ஓர் ஆய்வுக்காகப் பேட்டி எடுத்தேன். எனக்கு ஒடியா தெரியாது. அவர்களுக்கு இந்தி வரும் என்பதால் இந்தியிலேயே கேட்டேன். பன்னிரண்டு பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "ஒரு பிரச்சினையும் இல்லை, மேடம்." இவ்வளவு ஒத்துப்போகிறதே என்று மகிழ்ந்து அறிக்கையை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் கம்பெனி கேட்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். பேட்டி கொடுத்த பிகாஷும் ஷிஃப்டுக்கு முன் அங்கே நின்றிருந்தார். பேட்டி எடுத்த கதையைச் சொன்னதும் டீக்கடை செல்வி அக்கா சிரித்தார்.

"இந்திலயா கேட்டீங்கோ? சூப்பர்வைசர் இவங்களத் திட்றதே இந்திலதாம்மா. அதுல கேட்டா 'சரி சார்'னுதான் வரும். இருங்கோ, நான் கேக்கறேன்."

டீ ஊற்றி ஊற்றியே கற்றுக்கொண்ட ஒடியாவில் அவர் கேட்டார். பிகாஷ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பேசினார். அக்காவின் சிரிப்பு நின்றுபோனது.

"கை உள்ள போனா மிஷின நிறுத்துற சென்சார கழட்டிட்டாங்களாம்மா. ஒரு மாசமா அப்டியேதான் ஓட்டிக்கினு கீறாராம்."

சங்கு ஊதியது. பிகாஷ் என்னிடம் இந்தியில், "ஒன்றுமில்லை, மேடம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அறிக்கையை நிறுத்தச் சொல்லி அன்றே எழுதினேன். இன்னும் பதில் இல்லை. அவருடைய பேட்டியின் ஒலிப்பதிவை மறுபடி கேட்டேன். என் கேள்விக்கும் அவர் பதிலுக்கும் நடுவே பிரஸ் மூன்று முறை இறங்கும் சத்தம் கேட்கிறது. எழுதி எடுத்தபோது அந்த இடைவெளியை நான் குறித்துக்கொள்ளவே இல்லை.