ரோட்டின் மேலா, உள்ளேயா

தக்கலையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், வெளிநாடு போகக் காத்திருக்கும் நர்சுகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். அன்று மதியம் இடங்களைச் சொல்லும் பாடம். வீட்டு நம்பரோடு சொன்னால் ‘அட்’, ரோட்டுக்கு ‘ஆன்’, ஊருக்கு ‘இன்’. ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னேன்.

கடைசி பெஞ்சில் இருந்தவள் அதிகம் பேசாதவள். எழுந்து, “மை ஃபாதர் இஸ் இன் த ரோடு” என்றாள்.

“இன் இல்ல. ஆன் த ரோடு.”

“ஆன்னா மேலன்னுதானே டீச்சர்? எங்கப்பா உள்ளதான் கெடக்காவ.”

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அப்பாவை வீட்டுக்குப் பின்னால் சொந்தத் தோட்டத்தில் அடக்கியிருந்தார்களாம். அந்தத் தோட்டம் நாலுவழிச் சாலைக்குப் போய்விட்டது. தோண்டி எடுத்து வேறிடத்தில் வைக்க நினைத்தார்கள். துபாயிலிருந்து அண்ணன் வந்து சேர்வதற்குள் மண்ணடித்து ரோலர் ஓட்டிவிட்டார்கள்.

“அடுத்த ஆள்” என்றேன்.

வகுப்பு முடிந்து அவளும் நானும் ஒரே பஸ்ஸில் ஏறினோம்; அந்த நாலுவழிச் சாலை வழியாக நான் போவது அதுதான் முதல் தடவை. கூட்டமில்லை. புது ரோட்டில் பஸ் வேகமெடுத்ததும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். முன்சீட்டுப் பெரியவரும் தூக்கினார். மீன்கூடைக்காரம்மாவும் தூக்கினாள். படியருகே நின்ற கண்டக்டர் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கினார். பேச்சு மொத்தமும் நின்றுபோயிருந்தது.

“டீச்சர், காலத் தூக்குங்க” என்றாள் மெதுவாக.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. தூக்கவில்லை.

இன்ஜின் அணைந்தது. பஸ் கொஞ்சதூரம் உருண்டு நின்றது. வெளியே நல்ல வெயில். டிரைவர் சாவியைத் தொடவில்லை. திரும்பி என் காலைப் பார்த்தார். பஸ்ஸில் இருந்த எல்லாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் சூட்டில் கொதிக்க வேண்டிய தரைத் தகரம் என் உள்ளங்காலில் செருப்பையும் மீறிக் குளிர்ந்தது, ஈரமண்ணை மிதித்த மாதிரி.

தூக்கிக்கொண்டேன். ஒரே திருகில் வண்டி கிளம்பியது.

இறங்கும்போது அவள் என் கையைப் பிடித்தாள். “பேடிச்சிட்டியளா டீச்சர்? அப்பா ஒண்ணும் செய்யமாட்டாவ. புது ஆளுல்லா, யாருன்னு பாத்திருப்பாவ.”

அவள் பரீட்சையில் தேறி அயர்லாந்து போய்விட்டாள். நான் இப்போது பழைய ரோடு வழியாகப் போகிற பஸ்ஸுக்குத்தான் காத்து நிற்கிறேன்.